கிளியக்காவுக்கும் ஒரு தட்டு

முதல் நாள் சாப்பிட உட்கார்ந்தபோதே அபிதகுஜாம்பாளுக்கு அது உறுத்தியது. உட்கார்ந்திருந்தவர்கள் நான்கு பேர். போட்டிருந்தது ஐந்து தட்டு.

ஐந்தாவது தட்டு ஜன்னலோரம் இருந்தது. கன்னியம்மா சோற்றுக் கரண்டியோடு அங்கே குனிந்து, "இன்னும் கொஞ்சம் வெச்சிக்கோ கிளியக்கா, எளச்சிப் பூட்டியே" என்றாள். பதிலைக் கேட்பவள் போல ஒரு கணம் நின்றாள். பிறகு சிரித்தாள்.

"யாருக்குங்க வைக்கிறீங்க? அங்க யாரும் இல்லையே?" என்றாள் அபிதா.

சோற்றில் இருந்த கைகள் அப்படியே நின்றன. வீட்டுக்காரி செல்லம்மா தலை நிமிரவில்லை. ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்த கங்கையம்மாள் ரசச் சட்டியை மெல்ல எடுத்து, அபிதாவின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தாள். 

இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ஏரியைப் பார்த்த கடைசி வீடு அது. பள்ளிக்கூட ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்ற செல்லம்மா, கணவர் இறந்த பிறகு வேலைக்குப் போகும் பெண்களுக்கு வாடகைக்கு இடம் விட்டிருந்தாள். முதலில் வந்தவள் கங்கையம்மாள். அடுத்து, துணி கம்பெனியில் சட்டை பட்டனுக்குக் காஜா எடுக்கும் கன்னியம்மா. அபிதா வந்தது எண்பத்தெட்டு ஐப்பசியில். பெற்றோர் இல்லை. திருவண்ணாமலையில் பஸ் ஏற்றிவிட்ட அண்ணன் அதன் பிறகு ஒரு கார்டுகூடப் போடவில்லை. தாம்பரத்தில் ரேடியோ பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. வரிசையாக உட்கார்ந்து குனிந்த தலையோடு கம்பிகளை ஈயத்தால் பற்ற வைக்க வேண்டும், பேசக் கூடாது. ஆகையால் நாள் முழுக்க அவள் காதில் ஒரு மனிதக் குரல் விழ வேண்டுமென்றால், அது அந்த வீட்டில்தான் விழ வேண்டும்.

அந்த வீடோ அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டது.

திட்டவில்லை, சண்டை போடவில்லை. அவள் அடி பம்புக்கு வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அவள் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது. அவள் வெளியே போனதும் சுவருக்கு அப்பால் மறுபடி தொடங்கியது. மழை பிடித்துக்கொண்டது. ஈரச் சுண்ணாம்பு நாற்றமும் ஏரிச் சேற்று வாடையும் கலந்த அந்த இருட்டில் பாயில் படுத்து, தூரத்தில் எலக்ட்ரிக் ட்ரெயின் ஊதிக்கொண்டு போவதையும், பக்கத்து அறையில் மூன்று பெண்கள் இல்லாத ஒருத்தியிடம் வாய் நிறையப் பேசிச் சிரிப்பதையும் கேட்டுக்கொண்டே கிடப்பாள். காலையில் ஐந்தாவது தட்டுச் சோறு காக்கைக்குப் போகும். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஒரு சாயங்காலம் அவளால் தாங்க முடியவில்லை. சாப்பிட உட்காரும்போது ஜன்னல் பக்கம் திரும்பி, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க கிளியக்கா" என்றாள்.

அவ்வளவுதான். செல்லம்மாவின் முகம் மலர்ந்தது. கங்கையம்மாள் அப்பளத்தை உடைத்துப் பாதியை அவள் தட்டில் வைத்தாள். அன்று கன்னியம்மா அவளைப் பிடித்து உட்கார வைத்துத் தலை பின்னிவிட்டாள். "இன்னாமா முடி உனக்கு! இத்தினி நாளா எங்க ஒளிச்சி வெச்சிருந்தே?" அந்த விரல்கள் பிடரியில் பட்டபோது அபிதாவுக்கு அழுகை வந்துவிட்டது. யாராவது அவளைத் தொட்டு எத்தனை மாதம் ஆகியிருந்தது!

பிறகு சுலபமாகிவிட்டது. ஒரு நாள், "கிளியக்காவுக்குக் கால் வலியாம்" என்று விளையாட்டாகச் சொன்னாள். மறுநாள் கங்கையம்மாள் தைலம் வாங்கி வந்து ஜன்னலோரம் வைத்தாள். இன்னொரு நாள் அபிதா, கிளியக்காவுக்கு மேற்கு ஜன்னல் காற்று ஆகாது என்றாள். ஜன்னலை அடைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை உப்புக் கூடாது என்று ஒருத்தி சொல்ல, உப்பில்லாமல் சாப்பிட்டார்கள். யார் எங்கே கிளம்பினாலும், "கிளியக்கா இன்னா சொல்றாங்க?" என்று கேட்பது வழக்கமானது. கேட்டதும் எல்லோரும் அபிதாவைப் பார்ப்பதும் எப்படியோ வழக்கமானது.

மார்கழியில் ஒரு மாலை படப்பையிலிருந்து கன்னியம்மாவின் மாமன் பக்தவச்சலம் சைக்கிளில் வந்தார். "உங்கம்மாக்கு மூச்சு இழுத்துகினு கீது. உடனே பஸ் ஏறி வந்துரு" என்று சொல்லிவிட்டு, டாக்டரைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

கன்னியம்மா பையில் புடவையைத் திணித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். நின்றவள், கால் எடுத்து வைக்கவில்லை.

"கிளியக்கா இன்னா சொல்றாங்க?"

செல்லம்மா அபிதாவைப் பார்த்தாள். கங்கையம்மாள் அபிதாவைப் பார்த்தாள்.

போ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கணத்தில் அபிதாவுக்குத் தெரிந்தது கன்னியம்மா இல்லாத பாயும், பின்னப்படாத தலையும்தான். போனவள் திரும்பி வராவிட்டால்?

"இருட்டிப் போச்சாம். காலையில போகச் சொல்றாங்க."

கன்னியம்மா ஒரு நிமிஷம் அந்த ஜன்னலோரத்தையே பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள்.

காலையில் அவள் போய்ச் சேர்ந்தபோது பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

காரியம் முடிந்து கன்னியம்மா திரும்பி வந்த மாலை, வீட்டில் காற்றே இல்லை. அடைத்த ஜன்னலுக்குப் பின்னால் தவளைகள் கத்தின. தட்டுகள் போட்டாயிற்று, சோறு வைத்தாயிற்று. யாரும் உட்காரவில்லை. கன்னியம்மா அபிதாவிடம் கோபப்படவில்லை. "கிளியக்கா சொன்னாங்கல்ல, அதுக்கு நீ இன்னா பண்ணுவே" என்றாள். அதைத்தான் அபிதாவால் பொறுக்க முடியவில்லை.

"அவங்க சொல்லல. நான்தான் சொன்னேன்." அவள் கன்னியம்மாவின் எதிரே வந்து நின்றாள். "எனக்கு அங்க யாரும் தெரிஞ்சதே இல்ல கன்னியம்மா. நீங்கல்லாம் பேசினீங்க, அதனால பேசினேன். என்னை அடிச்சிடு."

கன்னியம்மா அடிக்கவில்லை. "எனக்கும் தெரிஞ்சதில்ல" என்றாள். "நான் வந்தப்போ கங்கக்கா பேசிகினு இருந்தாங்க. எனக்கு மட்டும்தான் தெரியல போலன்னு நெனச்சேன்."

கங்கையம்மாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் வந்த அன்னிக்கே அங்க தட்டு போட்டிருந்திச்சி. இந்தம்மா யாருக்கோ வைக்கிறாங்க, கேட்டா மனசு நோவும்னு நானும் பேசினேன்."

மூவரும் செல்லம்மாவைப் பார்த்தார்கள்.

"நீங்க பேசினீங்க. வீட்டுல நாலு குரல் கேட்டா நல்லாத்தானே இருக்கும்னு நானும் பேசினேன்." அவள் ஜன்னலோரத் தட்டைக் காட்டினாள். "ஆனா அந்தத் தட்டை நான் வைக்கலடி. கங்கை வைக்கிறான்னு நெனச்சேன்."

"நான் வைக்கலம்மா."

"நானும் இல்ல" என்றாள் கன்னியம்மா.

யாரோ சிரித்தார்கள். கன்னியம்மாவாக இருக்கலாம். பயத்தில் வந்த சிரிப்பு அது. மற்றவர்களுக்கும் தொற்றியது. கண்ணீரோடு ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முதல்முறையாக அபிதாவின் நெஞ்சு லேசானது. பொய் போயிற்று. இனி நான்கு பேர். நான்கு பேர் போதும்.

அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது.

"அப்போ கிளின்னு பேர் வச்சது யாரு?"

சிரிப்பு நின்றது.

தவளைகளும் நின்றன.

ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல். சாதாரணக் குரல். பந்தியில் தங்கைகளைக் கூப்பிடும் ஒரு அக்காவின் குரல்.

"உக்காருங்க."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஓடியிருக்கலாம். வாசற்கதவு திறந்துதான் இருந்தது. ஒருத்தி ஓடியிருந்தால் மற்றவர்களும் ஓடியிருப்பார்கள். அபிதா கன்னியம்மாவின் காலைப் பார்த்தாள். கன்னியம்மா கங்கையம்மாளின் காலை.

செல்லம்மா உட்கார்ந்தாள்.

கங்கையம்மாள் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தார்கள். நால்வரும்.

ஐந்தாவது தட்டில் சோறு அசைந்தது. குழி விழுந்தது. குழைந்தது. ஒரு கவளம் உருண்டு, திரண்டு, தட்டை விட்டு மேலே எழும்பியது. உட்கார்ந்த ஒருத்தியின் கை உயரத்தில் மெல்ல நகர்ந்தது. கன்னியம்மாவைத் தாண்டியது. கங்கையம்மாளைத் தாண்டியது. தைல வாடை.

அபிதாவின் உதட்டருகே வந்து நின்றது.

அவள் மற்றவர்களைப் பார்த்தாள். மூவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகத்தில் பயம் இல்லை. காத்திருந்தார்கள்.

அபிதா வாயைத் திறந்தாள்.