வெள்ளிப் பல்லும் வேப்பங்குச்சியும்

நகரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். ஆந்திரா தனி ராஜ்யமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தெலுங்கு சொல்லித்தர ஒரு புது வாத்தியார் வந்திருந்தார். நல்ல மனிதர். ஆனால் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது.

ஐந்தாம் வகுப்பு தாட்சாயணிக்கு அப்போது ஒரே கவலை, அவளுடைய கடைவாய்ப் பல். போன வருஷம் அது சொத்தையாகி, வலியில் அழுது புரண்டாள். நைனா அவளைச் சித்தூருக்கு அழைத்துப் போனார். அங்கே டாக்டர் பல்லில் இருந்த குழியை வெள்ளி வைத்து அடைத்தார். வலி போயே போய்விட்டது.

அந்த நிம்மதியைக் கெடுத்தவன் கூடப் படிக்கும் சாந்தகுமார். அவன் வீட்டில் பற்பசையும் பிரஷ்ஷும் உண்டு. "நீ வேப்பங்குச்சியில தேய்ச்சிக்கினே இருந்தா வெள்ளி பேந்துக்கினு வந்துடும்" என்று பெரிய டாக்டர் மாதிரி சொல்லிவிட்டான். தாட்சாயணி வீட்டில் எல்லாருக்கும் வேப்பங்குச்சிதான். பயந்துபோனவள் அந்தப் பல்லை மட்டும் தேய்ப்பதையே நிறுத்திவிட்டாள். யாரிடமும் சொல்லவும் இல்லை.

ஒருநாள் வாத்தியார், திருப்பதியிலிருந்து டாக்டரம்மா வருவதாகச் சொல்லிவிட்டு, "ரேப்பு அந்தரூ பந்தும்புல்ல தெச்சுகோண்டி" என்றார்.

ரேப்பு என்றால் நாளை. அந்தரூ என்றால் எல்லாரும். தெச்சுகோண்டி என்றால் கொண்டு வாருங்கள். இதெல்லாம் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பந்தும்புல்ல? பந்தும் புள்ளையும்தான், வேறென்ன?

மறுநாள் வகுப்பெங்கும் பந்துகள் உருண்டன. துணிப்பந்து, ரப்பர் பந்து, கூடவே தம்பி தங்கைகள். ஒன்று அழுதது, ஒன்று வாத்தியாரின் வேட்டியைப் பிடித்து இழுத்தது. தாட்சாயணியும் தம்பி சிட்டிபாபுவை இடுப்பில் சுமந்து வந்திருந்தாள். வாத்தியார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மா சுலோசனா வாசலிலேயே நின்று, இது பள்ளிக்கூடம்தானா என்று கேட்டார்.

வாத்தியார் எழுந்து, விரலைப் பல்லில் வைத்து இப்படியும் அப்படியும் தேய்த்துக் காட்டினார். முதலில் விளங்கியது தாட்சாயணிக்குத்தான். அவர் கேட்ட பந்தும்புல்ல, பல் தேய்க்கும் குச்சி. தம்பியைச் சாந்தகுமார் மடியில் இறக்கிவிட்டு ஓடினாள். வெளியே நின்ற வேப்பமரத்தில் ஒரு பிடி குச்சி ஒடித்து வந்தாள். வாத்தியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

டாக்டரம்மா ஜன்னலோரம் ஒரு மைக்ராஸ்கோப்பை வைத்தார். தேய்க்காத பல்லின் அழுக்கை அதில் பார்க்கலாம் என்று தமிழிலேயே சொன்னார். யார் பல்லைக் காட்டுகிறீர்கள் என்றதும் எல்லாரும் வாயை இறுக மூடிக்கொண்டார்கள்.

இப்போது கேட்காவிட்டால் எப்போது கேட்பது என்று தாட்சாயணி எழுந்தாள்.

"என் வெள்ளிப் பல்ல நான் தேய்க்கிறதே இல்லம்மா. குச்சி பட்டா வெள்ளி பேந்துடும்னு பயம்."

டாக்டரம்மா திட்டவில்லை. அந்தப் பல்லை மெல்லச் சுரண்டி, அழுக்கை ஒரு துளித் தண்ணீரில் கலந்து, அவளையே முதலில் பார்க்கச் சொன்னார்.

தாட்சாயணி ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். துளிக்குள் ஒரு சந்தையே கூடியிருந்தது. புள்ளி புள்ளியாக, கோடு கோடாக, எத்தனையோ உயிர்கள். சில சுழன்றன. சில விர்ரென்று நீந்திப் போயின. இத்தனையும் என் வாய்க்குள்ளேயா? அடுத்து வந்து பார்த்தவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. வாத்தியார் இரண்டு தடவை பார்த்தார்.

பற்பசைக்காரன் பல்லில் ஒன்றும் இருக்காது என்று சாந்தகுமார் வாயைத் திறந்தான். அவன் பின்பல்லிலும் சந்தைதான், கொஞ்சம் சின்னது. பற்பசையோ குச்சியோ, எட்டாத இடம் சுத்தமாகாது என்றார் டாக்டரம்மா.

"அப்போ நான் இப்பவே குச்சியால தேய்ச்சிட்டு மறுபடி பாக்கட்டுமா?" என்று தாட்சாயணி கேட்டாள்.

டாக்டரம்மா தலையசைத்தார். குச்சியின் நுனியைப் பஞ்சு மாதிரி மென்றுகொள்ளவும், அழுத்தாமல் தேய்க்கவும் சொன்னார். தாட்சாயணி வெள்ளியைச் சுற்றி மெதுவாகத் தேய்த்தாள். கொப்பளித்துவிட்டு, நாக்கால் தொட்டுப் பார்த்தாள்.

வெள்ளி இருந்த இடத்திலேயே இருந்தது.

டாக்டரம்மா அந்தப் பல்லை மறுபடி சுரண்டி வைத்ததும் குனிந்து பார்த்தாள். சந்தை கலைந்துவிட்டது. மூலையில் ஒன்றிரண்டு மட்டும் வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தன. சாந்தகுமார் சிட்டிபாபுவைத் தோளில் போட்டபடி வந்து பார்த்தான். தனக்கும் ஒரு குச்சி வேண்டும் என்றான். தாட்சாயணி, ஒடித்து வந்த பிடியிலிருந்து நல்ல இளங்குச்சியாகப் பார்த்து அவனுக்குக் கொடுத்தாள்.

மறுநாள் காலை தாட்சாயணியின் குச்சி முதலில் போன இடம், அந்த வெள்ளிப் பல்.