காணாமல் போன ரத்த முடிவுகள்

மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் பரிசோதிக்கும் பெண் வந்து சொன்னதைக் கம்பிக்காரர் குறுக்கிடாமல் கேட்டார். நெட்வொர்க் கோளாறுகளைத் துப்பறிவது அவர் தொழில். கோளாறுகள் மீது அவருக்குக் கோபமே வராது. அவற்றை உண்டாக்கும் மனிதர்கள் மீதுதான் இளக்காரம்.

மூன்று வாரமாக அவள் அனுப்பும் முடிவுகளில் சில, மருத்துவரின் கணினிக்குப் போய்ச் சேரவில்லை. அப்படித் தொலைந்த ஒன்றால் மருந்து தாமதமாகி, ஒரு நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். அவள் வேண்டுமென்றே அழித்தாள் என்றார் நிர்வாகி. வெள்ளிக்கிழமை மதியம் விசாரணை, அதுவரைதான் வேலை. பக்கத்து அறையில் எக்ஸ்ரே எடுப்பவன் அவளுடைய கொழுந்தன். அவன் அனுப்பும் படங்களும் தொலைந்தன. பாகப்பிரிவினைத் தகராறில் இருவருக்கும் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. ஆகவே ஒருவரையொருவர் பழிவாங்குகிறார்கள் என்பது நிர்வாகியின் முடிவு.

கம்பிக்காரரின் மகளைக் கட்டிய மாப்பிள்ளை எல்லா வழக்குக்கும் கூடவே வருவான். முதல் நிமிடத்திலேயே குற்றவாளியைப் பிடித்தும் விடுவான். கொழுந்தன்தான் ஏதோ கருவி வைத்து அலைகளைத் தடுக்கிறான் என்றான்.

"அப்ப அவன் படம் ஏன் தொலையுது? தன் மூக்கை அறுத்துக்கிட்டு அண்ணிக்குச் சகுனத்தடை பண்றானா?" என்றார் மாமனார்.

வெள்ளி காலை இருவரும் போனார்கள். நிர்வாகி உட்காரச் சொல்லவில்லை. கட்டடத்தில் ஏதாவது மாறியதா என்று கேட்டதற்கு, ஓர் ஆணிகூடப் புதிதாக அடிக்கவில்லை, ஆட்கள்தான் சரியில்லை என்றார்.

ஆய்வகத்துக்கும் எக்ஸ்ரே அறைக்கும் நடுவே ஒரே சுவர். இரண்டு வாசல்களும் திறக்கும் நடையின் கூரையில் வைஃபை பெட்டி. எக்ஸ்ரே அறைக்கு ஞாயிறு விடுமுறை. அன்று தன் முடிவு ஒன்றும் தொலைவதில்லை என்றாள் அவள். ஆய்வகம் சாப்பாட்டுக்கு மூடும் நேரத்தில் தன் படம் ஒன்றும் தொலைவதில்லை என்றான் கொழுந்தன். நடுச்சுவர் ஆய்வகப் பக்கம் பழுப்பேறி உரிந்திருந்தது. எக்ஸ்ரே பக்கம் அதே சுவர் பளீரென்று வெளுத்திருந்தது. அதிலிருந்த சுவிட்சுப் பெட்டி மட்டும் விரலளவு உள்ளே புதைந்து கிடந்தது.

பிறகு சோதனை. ஆய்வகம் மட்டும் பத்து முடிவுகள் அனுப்பியது, பத்தும் சேர்ந்தன. எக்ஸ்ரே மட்டும் பத்துப் படங்கள், பத்தும் சேர்ந்தன. ஒரே நேரத்தில் இருவரும் பத்துப் பத்தாக அனுப்பியபோது நான்கும் மூன்றுமாகத்தான் சேர்ந்தன.

எல்லோரையும் நிர்வாகியின் அறைக்கு அழைத்தார் கம்பிக்காரர்.

"வைஃபைல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும். ரெண்டு பேர் சேர்ந்து பேசினா பெட்டிக்கு ரெண்டுமே புரியாது. அதனால ஒவ்வொரு கருவியும் முதல்ல காது கொடுத்துக் கேட்கும். வேற யாராவது பேசினா காத்திருக்கும். மோதிட்டா, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி அனுப்பும். பல தடவை மோதினா கைவிட்டுரும். படிக்காத இயந்திரத்துக்கு இருக்கிற மரியாதை இது."

"பின்னே ஏன் மோதுது மாமா?" என்றான் மாப்பிள்ளை.

"பெட்டி பேசுறது ரெண்டுக்கும் கேட்குது. ஒண்ணு பேசுறது இன்னொண்ணுக்குக் கேட்கல. சந்தடி இல்லைன்னு நினைச்சு ரெண்டும் ஒண்ணாப் பேசுது. மூணு வாரத்துக்கு முன்னாடி வரைக்கும் சுவர் தாண்டிக் கேட்டுது. இப்ப அந்தச் சுவர் ஒரு பக்கம் தடிச்சிருக்கு, புது வெள்ளை வேற."

நிர்வாகி சிரித்தார். "ஈயத் தகடு அடிச்சா கம்ப்யூட்டர் எப்படிய்யா கெடும்?"

"ஈயம்னு நான் சொல்லலையே," என்றார் கம்பிக்காரர். "ஆணிகூட அடிக்கலைன்னவர் நீங்க. உலோகத் தகடு அலையை விடாது. அடிச்சதை ஒளிச்சு, பழியை இவங்க தலையில போட்டீங்க. பொய் சொல்றதுக்கும் கொஞ்சம் ஞாபகசக்தி வேணும் சார்."

அனுப்பும் முன் பெட்டியிடம் அனுமதி கேட்கும்படி இரண்டு கருவிகளையும் அமைத்தால் போதும். பெட்டி ஒருவருக்குக் கொடுக்கும் அனுமதி மற்றவருக்கும் கேட்கும், அவர் காத்திருப்பார் என்று கம்பிக்காரர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் எழுந்தாள்.

"அந்தத் தகடு எக்ஸ்ரே கதிரைத் தடுக்கத்தானே? இப்பத்தான் அடிச்சீங்கன்னா, நான் ஆறு வருஷமா வெறும் சுவர்லயா சாஞ்சு உக்காந்திருந்தேன்?"

பாதுகாப்பு ஆய்வுக்கு ஆள் வரப்போகிறார்கள், அதனால்தான் அவசரமாக என்று நிர்வாகி ஏதோ மென்று விழுங்கினார். கம்பிக்காரர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெள்ளையடிக்கிறோம் என்று சொல்லித் தன்னை இரண்டு நாள் விடுப்பில் அனுப்பினார்கள் என்று கொழுந்தன் அப்போதுதான் சொன்னான். மேசையிலிருந்த தாளை எடுத்து அவள் முன் வைத்தான்.

"புகாரை எழுதுங்க அண்ணி. சாட்சிக் கையெழுத்து நான் போடுறேன்."

அவள் நிர்வாகியின் நாற்காலிக்கு எதிரிலேயே உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள்.