இரண்டு ஆள் அகல வாசல்

விடிந்ததும் சவரிமுத்து செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பனிக்குழாயைத் தோளில் போட்டுக்கொண்டார். வேதாரண்யத்து உப்பளத்தில் அன்று ஒரு பிரசவ ஆஸ்பத்திரி எழும்ப வேண்டும். கடல் ஊருக்குள் ஏறியதிலிருந்து பிள்ளைத்தாய்ச்சிகள் கூடாரத்தில்தான் கிடந்தார்கள்.

கல் சுமந்து கட்டிய காலம் போய்விட்டது. இப்போது பனிக்காரர்கள் குழாயால் இறுகுபனியைப் புகைபோல் பீய்ச்சி அடிப்பார்கள், மனையாடி அதற்குள் ஆடுவாள். ஆடும் உடம்பைக் கண்டால் பனி விலகும். கைகால் வீச்சு எட்டிய மட்டும் கூடமாகும், எட்டாத இடத்தில் இறுகிச் சுவராகும். இறுகி முடியும் முன் ஆட்டம் நின்றால் மூடிக்கொள்ளும். இன்னொரு உடம்பு உள்ளே அசைந்தால் மொத்தமும் உதிர்ந்துவிடும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதனால் எந்த ஊரிலும் இப்படி எழும்பும் ஆடுமனையின் வாசல் ஓராள் அகலம்தான். நோயாளியைத் தாங்கி வருகிறவர் வாசலில் கையை விட்டாக வேண்டும்.

அன்றைய மனையாடி யாழரசி ஆடினாள். அவள் சுழலச் சுழலக் கூரை குடைபோல் விரிந்தது. அவள் குனிந்து அளைந்த இடத்தில் தொட்டில் வைக்கிற மாடம் குழிந்தது. செங்கல் சுமந்தே தேய்ந்த தோள் சவரிமுத்துவுக்கு. ஒரு சுவர் இத்தனை லேசாக எழும்புமா என்று வாய் பிளந்து நின்றார்.

வாசல் மட்டும் பாக்கி இருந்தபோது அவள் முழங்கால் பிசகி மடங்கியது. உட்கார்ந்தபடியே கைகளை வீசினாள். பனி நெருங்கி வந்தது. யாரும் அசையக் கூடாது என்று மேற்பார்வையாளர் இனியன் ஒலிபெருக்கியில் கத்தினார். இது உதிர்ந்தால் மறுபடி இறுகுபனி வர மழைக்காலம் முடிய வேண்டும்.

சவரிமுத்து குழாயைப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

"வராதீங்கண்ணே. எல்லாம் உதிர்ந்துரும்."

"உதிர்ந்தா உதிரட்டும். கையக் குடு தாயி."

அவள் அவர் தோளைப் பிடித்து எழுந்தாள். மேலே பார்த்தாள். கூரை உதிராமல் நின்றது. "அப்ப நீங்க என் காலா இருங்க. கையி என்னோடது."

"எனக்கு ஆட வராதே."

"சுமை தூக்கி நடந்திருக்கீங்கள்ல? அப்படியே நடங்க."

நடந்தார். வலித்தபோது அவள் சாய, அவரும் சாய்ந்து நின்றார். பனி அந்தச் சாய்வையும் வாங்கிக்கொண்டு, இருவருக்குமாக விலகியது.

வாசல் அகலமாக, ஒரு பக்கம் சரிந்து இறுகியிருந்தது. வரைபடத்தில் இல்லாத கோணல், வெட்டிச் சரிசெய்ய வேண்டும் என்று இனியன் அறுவை இயந்திரத்தை எடுத்துவரச் சொன்னார்.

அதற்குள் கூடாரத்திலிருந்து ஒருத்தி நாத்தனாரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வாசலில் வலி எடுத்தது. இருவரும் அந்தச் சரிவில் சாய்ந்தார்கள். அவர்களுக்கென்றே அளவெடுத்ததுபோல் இருந்தது சுவர். வலி அடங்கியதும் அணைத்தபடியே உள்ளே போனார்கள்.

இயந்திரம் வந்தது. இனியன் அதைத் திருப்பி எடுத்துப்போகச் சொன்னார்.