காணாமல் போன சோதனை நோட்டு

பூதக்கண்ணாடி என்று எல்லோரும் அழைக்கும் துப்பறிவாளரின் அறைக்கு அவள் வந்தபோது, அப்பா இறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது.

"அப்பா பண நோட்டு அச்சகத்துல தகடு செதுக்கினவர் சார். அச்சு சரியா இருக்கான்னு பார்த்துட்டு எரிச்சிடற சோதனை நோட்டுல ஒண்ணைத் திருடிட்டார்னு இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. இப்போ அது ஏலக்கடைக்கு வந்திருக்கு. அதே நோட்டுதான்னு அச்சக மேலாளரும் எழுதிக் கொடுத்துட்டார்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அவள் தலை குனிந்தாள். "நானும் அவர்தான்னு நம்பினேன். பத்து வருஷமா அவர்கிட்ட பேசவே இல்லை. கடைசி மூச்சுலயும் 'நான் எடுக்கலை'ன்னாராம்."

மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு ஏலக்கடைக்குப் போனபோது, அங்கே அச்சக மேலாளரும் இருந்தார். பூதக்கண்ணாடியின் தங்கை கணவர், அவருக்குத் துணையாக வருபவர், இரண்டு நோட்டுகளை மேசைமேல் வைத்தார்.

"இது இவங்க அப்பா வேலையிழந்த வருஷம் புழங்கின நோட்டு மச்சான். 'கொண்டுவருபவருக்குத் தங்கமாகத் தருவேன்'னு இருக்கு. ஏலத்துக்கு வந்ததுல 'கொண்டுவருபவருக்குத் தருவேன்'. அவ்வளவுதான்! தங்கத்தைக் காணோம்!"

"சரியாப் பிடிச்சீங்க மாப்பிள்ளை." பூதக்கண்ணாடி மேலாளரிடம் திரும்பினார். "ஒரு காலத்துல நோட்டை நீட்டினா கருவூலம் தங்கம் கொடுத்தாகணும். அதை எப்போ நிறுத்தினாங்க?"

"அவர் வேலையை விட்டுப் போய் மூணு வருஷம் கழிச்சு. ஒரே நாள்ல அறிவிச்சாங்க. எங்களுக்கே முன்கூட்டித் தெரியாது." சொல்லி முடித்ததும் மேலாளரின் முகம் வெளிறியது.

"அப்போ இந்த நோட்டு அதுக்கப்புறம் அச்சானது. வேலை போனப்புறம் அச்சகத்துக்குள்ள காலே வைக்காத மனுஷன் இதை எப்படி எடுத்திருப்பார்? சோதனை நோட்டுகளை எரிச்சாச்சுன்னு அப்போ கையெழுத்துப் போட்டது யாரு?"



"நான்தான்" என்றார் மேலாளர், ஏறக்குறைய கேட்காத குரலில். "முதல் நோட்டையும் நான்தான் எடுத்தேன். கணக்கு உதைச்சதும் பழியை அவர்மேல போட்டேன். அப்புறம் எரிச்சதா எழுதிட்டு, எடுத்து வெளியில விக்க ஆரம்பிச்சேன். இது ஏலத்துக்கு வந்ததும் பயந்துட்டேன். அவர் திருடின பழைய நோட்டுன்னு சொன்னா யாரும் கிளற மாட்டாங்கன்னு நினைச்சேன்."

ஏலக்கடைக்காரர் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினார். அவள் அசையாமல் நின்றாள்.

"வீட்டுக்குப் போய் உங்க அம்மாகிட்ட சொல்லுங்க. நிம்மதியா இருக்கும்" என்றார் மாப்பிள்ளை.

"அம்மா ஒரு நாளும் சந்தேகப்படலை சார்" என்றாள் அவள். "எனக்குத்தான் யாராவது நிரூபிச்சுக் காட்ட வேண்டியிருந்தது."