இரண்டாவது பிறப்புச் சான்று

"அந்தக் கருவாட்டுச் சட்டியை மூடி வை, லியோனிலா. ஆளுங்க வர்ற நேரம். வீடே நாறுது."

லியோனிலா மூடினாள். கணவனின் அக்கா எஸ்தெலா சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. பள்ளிக்கூட டீச்சர் வேலை பார்த்துத் தம்பியை வளர்த்தவள். தம்பி செத்து ஆறு வருஷமாகியும் அப்படித்தான் நடந்தது.

"சாயங்காலம் மேடையில நான் பேசிக்கறேன். நீ சமையலைப் பாரு. நூடுல்ஸ் பத்தலைன்னு பேர் வந்துடக் கூடாது."

"சரி அண்ணி."

"மனசு நோகச் சொல்லல. உன்னை மேடையில பார்த்தா பொண்ணுக்கு முகம் மாறிடும். அன்னைக்கு அவ காலை வாரி விட்டது நீதானே..."

லியோனிலா பூண்டை நசுக்கினாள்.

அவள் மகள் ஜெரலின் சாயங்காலம் ஊர் கூடி நடத்தும் விடைபெறும் விழாவில் கடைசியாக டென்னிஸ் ஆடப் போகிறாள். நெக்ரோஸ் தீவின் அந்தச் சர்க்கரை ஆலைக்குப் பக்கத்தில், சிப்பித்தூள் கொட்டி இறுக்கிய தரையில்தான் அவள் முதலில் மட்டை பிடித்தாள். நான்கு முறை தேசியச் சாம்பியன். நாட்டுக்காக இரண்டு வெண்கலம். உலக வரிசையில் முந்நூறுக்குள் அவள் வந்ததில்லை. ஆனாலும் பதிமூன்று வருஷம் விடவில்லை. பெயர் தெரியாத ஊர்களில் தகுதிச் சுற்று ஆடினாள். விமான நிலையத் தரையில் தூங்கினாள். தன் மட்டைக்குத் தானே நரம்பு கட்டினாள். கணுக்கால் பிசகிய வருஷம் உட்கார்ந்தபடியே பந்தடித்துப் பழகினாள். ஆலைக்காரர்கள் அவள் பேரைச் சொல்லும்போது தொப்பியைக் கழற்றுவார்கள்.

அந்த மகள் தாயோடு பேசுவது மழையைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் மட்டும்.

காரணம் ஊருக்கே தெரியும். ஜெரலின் தேசியப் பள்ளிப் போட்டிக்குப் போன வருஷம் அது. பன்னிரண்டு வயதுக்குள் இருப்பவர்களுக்கான பிரிவில் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டாள். அன்று காலை எதிர் அணி புகார் கொடுத்தது, பெண்ணுக்கு வயது கூட என்று. அணியைக் கூட்டிப் போயிருந்த எஸ்தெலா டீச்சர் வாயடைத்து நின்றாள். பிள்ளைகளுக்குச் சோறாக்கப் போயிருந்த லியோனிலா, கையைத் துடைத்துக்கொண்டு அதிகாரிகளின் மேஜைக்குப் போனாள். "என் பொண்ணுக்குப் பதிமூணு முடிஞ்சுது. வருஷத்தை மாத்தி எழுதிக் கொடுத்தது நான்தான்" என்றாள். பெண்ணின் பேரை அடித்தார்கள்.

வாசலில் முச்சக்கர வண்டி நின்றது. நகராட்சியில் திருமண உரிமத்துக்கு விண்ணப்பிக்கப் போன ஜெரலின் திரும்பி வந்திருந்தாள். கையில் காகித உறை.

"என்னம்மா, மாப்பிள்ளை பேரைத் தப்பா எழுதிட்டியா?" என்றாள் எஸ்தெலா.

"உரிமம் தர மாட்டாங்களாம் அத்தை. நான் ரெண்டு தடவை பொறந்திருக்கேனாம்."

எஸ்தெலாவின் கை மேஜைத்துணியின் மேல் அப்படியே நின்றது.

ஜெரலின் இரண்டு தாள்களை எடுத்து வைத்தாள்.

"இது மருத்துவச்சி பதிஞ்சது. நான் பொறந்த மாசமே. தகவல் கொடுத்தவங்க, அம்மா. வருஷம் சரியா இருக்கு." அடுத்த தாளை விரலால் நகர்த்தினாள். "இது எனக்குப் பன்னெண்டு ஆனப்ப, தாமதப் பதிவுன்னு போட்டிருக்கு. ரெண்டு வருஷம் குறைச்சு. தகவல் கொடுத்தவங்க கையெழுத்து இருக்கு, பாருங்க."

யாரும் பார்க்கவில்லை.

"சாப்பிட்டுப் பேசலாம். சோறு ஆறுது" என்றாள் லியோனிலா.

"நீங்கதான் மாத்தினதா ஏன் சொன்னீங்க?"

"பழைய கதை எதுக்கு..."

"பதினேழு வருஷமா என் அம்மா பொய்க்காரின்னு நெனச்சிட்டிருக்கேன். சொல்லுங்க."

லியோனிலா அடுப்பைத் தணித்தாள்.

"டீச்சரே பொய்ச் சான்று கொடுத்தாங்கன்னு தெரிஞ்சா வேலை போயிருக்கும். அந்தச் சம்பளத்துலதான் இந்த வீடு ஓடிச்சு. எனக்குப் போறதுக்கு என்ன இருக்கு? மறைச்சுப் பின்னாடி மாட்டியிருந்தா, உன்னை ஒரேயடியா ஆட விடாமத் தடுத்திருப்பாங்க."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"உன்னை விடியக்காலம் ஆட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனது உங்க அத்தை. அவங்களை வெறுத்துட்டு நீ எப்படி ஆடியிருப்ப?"

எஸ்தெலா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மூத்த பொண்ணுங்களோட ஆடினா தோத்துடும்னு பயந்தேன்... ரெண்டு வருஷம்தானேன்னு எழுதிட்டேன். பென்ஷன் வந்ததும் சொல்லிடலாம்னு இருந்தேன். பென்ஷனும் வந்து ஆறு வருஷம் ஆச்சு. ஒவ்வொரு நாளும் இவளைத் திட்டினேன். திட்டத் திட்ட, இவ செஞ்சதுதான்னு எனக்கே நம்பிக்கை வந்துடுச்சு." லியோனிலாவின் கையைப் பிடித்தாள். "என்னை மன்னிக்காத. சாயங்காலம் ஊர் முன்னாடி சொல்றேன். அதுக்கப்புறம் பேசிக்கலாம்."

"சொல்ல வேண்டாம் அண்ணி."

"சொல்லுவேன். நீ ஒரு தடவை சொன்ன பொய்யைவிட அது பெருசில்ல."

அவள் முகம் கழுவப் போனாள். ஜெரலின் நின்ற இடத்திலேயே நின்றாள். எத்தனையோ நாட்டுக்காரிகளைத் திணறடித்த கைகள், வைக்க இடம் தெரியாமல் தொங்கின.

"அதுக்கப்புறம் என்னை மூத்த பிரிவுல போட்டாங்க. ரெண்டு வருஷம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கல. அப்பத்தான் ஓடக் கத்துக்கிட்டேன். எல்லாரும் கேப்பாங்க, இவ்வளவு ஓட எங்க பழகினேன்னு." மூக்கைத் துடைத்தாள். "தோத்ததுக்கு அழுததில்லம்மா. எல்லாப் பொண்ணுங்க அம்மாவும் வந்து உட்கார்ந்திருப்பாங்க. நீ மட்டும் ஒரு தடவையும் வரல."

லியோனிலா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வந்தேன்."

"எங்க?"

"கம்பி வேலிக்கு அந்தப் பக்கம். சோளம் சுட்டு விக்கிறவ பக்கத்துல. என்னைப் பார்த்தா உனக்குக் கை ஓடாதேன்னு முக்காடு போட்டுக்கிட்டு நிப்பேன்."

ஜெரலின் நம்பாமல் பார்த்தாள்.

"முதல் ஆட்டம், ஆறுக்கு சைபர், ஆறுக்கு சைபர். நெட்டைப் பொண்ணு, பச்சைப் பட்டை கட்டியிருந்தா. ரெண்டாவது, ஆறுக்கு சைபர், ஆறுக்கு ஒண்ணு." லியோனிலா விரலை மடக்கினாள். "அந்த ஒண்ணு எப்படி வந்துச்சு தெரியுமா? அவ உன்னை மூலைக்கு மூலை ஓட விட்டா. நீ விழுந்தே. முழங்கால் பூரா வெள்ளைத் தூள். எழுந்து மறுபடி பந்தைத் திருப்பி அடிச்சுட்டே. அவ வலையில அடிச்சா. நான் கத்திட்டேன். சோளக்காரி கேட்டா, யாரும்மா அந்தப் பொண்ணுன்னு."

"என்ன சொன்னே?"

"தெரியாதுன்னேன்."

ஜெரலின் தாயை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். லியோனிலாவின் தலை மகளின் தோள் உயரம்தான் இருந்தது. எப்போது இவ்வளவு வளர்ந்தாள் என்று அவள் நினைத்தாள். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அது தெரிந்திருக்கவில்லை.