இல்லாத கல்லின் படம்

கல்லறைத் தோட்டத்தில் அந்தக் கல் இல்லை.

பேக்கரிக்காரி முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை பார்த்துவிட்டு, மறுபடி கடைசியிலிருந்து முதல் வரை பார்த்தாள். கையில் போன், போனில் படம். கண்ணாடி போல இழைத்த கறுப்புக் கல். அதில் அவளைப் பெற்றவளின் பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம். கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: ‘இரு மகள்களின் தாய்.’ தோட்டத்தில் இருந்ததெல்லாம் பாசி படிந்த சாம்பல் நிறக் கற்கள்.

திருட்டாக இருக்குமோ என்று காவலாளியைக் கேட்டாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஒரு கல்லத் தூக்க நாலு ஆளும் ஒரு வண்டியும் வேணும்மா. நான் தூங்குவேன், இல்லன்னு சொல்லல. ஆனா அவ்வளவு தூங்க மாட்டேன்.”

அவள் மதில்மேல் உட்கார்ந்து இன்ஸ்பெக்டரம்மாவுக்குப் போன் போட்டாள்.

இன்ஸ்பெக்டரம்மா இப்போது இன்ஸ்பெக்டர் இல்லை. ஓய்வு பெற்று, முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து, வீட்டோடு கிடந்தார். கொரியர் கொண்டுவருபவனைக்கூடக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ததில் மருமகள் நொந்துபோய், ஆன்லைனில் ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டாள். குடும்ப வரலாறு தேடுபவர்களுக்கான வகுப்பு. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு நூலகர் பாடம் நடத்துவார். பிறகு தொண்டு வேலை. ஊர் ஊராகத் தொண்டர்கள் எடுத்து அனுப்பும் கல்லறைப் படங்களை இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து படித்து, பெயர்களைத் தளத்தில் ஏற்ற வேண்டும். எங்கோ ஒருவர் தன் தாத்தாவைத் தேடும்போது அது அகப்படும்.

வகுப்பில் மற்றவர்கள் தாத்தாவையும் பூட்டனையும் தேடினார்கள். பேக்கரிக்காரி தேடியது அம்மாவை. கைக்குழந்தையாக ஒரு விடுதியில் விடப்பட்டவள் அவள். விடுதி அவளுக்குத் தந்த தகவல் அம்மாவின் பெயர் ஒன்றுதான். முதல் வகுப்பிலேயே விடுதி இருந்த தெருவையும் அந்தப் பெயரையும் எல்லோரிடமும் சொல்லி, எங்கேயாவது கண்ணில் பட்டால் தெரிவிக்கும்படி கேட்டுக்கொண்டாள். அப்போது அவள் கன்னத்தில் மாவு ஒட்டியிருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

அவளுக்கு ஜோடியாக அமைந்தவர் டைலரம்மா; வகுப்பில் பலரையும் போல அவருக்கும் தொழிலே பெயராகிவிட்டது, சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. தேய்ந்த எழுத்தைச் சாய்வு வெளிச்சத்தில் எப்படிப் படிப்பது என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். இரண்டாவது வகுப்பிலிருந்து அவருடைய கேமரா கெட்டுவிட்டது. திரையில் அவர் கட்டம் கறுப்பாக இருக்கும், குரல் மட்டும் வரும். ஆனாலும் இருவரும் நகமும் சதையுமாக இருந்தார்கள்.

மூன்று மாதம் கழித்து அந்தக் கறுப்புக் கல்லின் படம் தளத்தில் ஏறியது. பேக்கரிக்காரி அழுது தீர்த்தாள். தீர்த்த பிறகுதான் கீழ் வரியை நிதானமாகப் படித்தாள்.

“அம்மா போயிட்டாங்க, சரி,” என்றாள் போனில். “எனக்குக் கூடப்பிறந்தவ ஒருத்தி இருக்கா, இன்ஸ்பெக்டரம்மா. கல்லு வச்சது அவளாத்தான் இருக்கணும். ஆபீஸ்ல கேட்டு அவளைப் பிடிக்கலாம்னு வந்தேன். இங்க கல்லே இல்ல.”

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டார் இன்ஸ்பெக்டரம்மா. முழங்கால் வலி சற்று மறந்துபோயிற்று.

படத்தை ஏற்றியவர் ஹாரன். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர்; பேசினால் நாலு தெருவுக்குக் கேட்கும் என்பதால் வகுப்பே சேர்ந்து வைத்த பெயர். அதிகப் படம் ஏற்றியவர் என்று தளத்தில் தன் பெயர் முதலில் நிற்பதில் அவருக்குப் பெருமை அதிகம். அன்று மத்தியானமே இன்ஸ்பெக்டரம்மா அவரை வீடியோவில் பிடித்தார்.

“படம் நீங்க எடுத்ததா?”

“ஆமா.”

“எந்த வாசல் வழியா உள்ள போனீங்க?”

“முன்வாசல்தான்.”

“முன்வாசலை ஒரு வருஷமா பூட்டி வச்சிருக்காங்களாம். போன்ல காவலாளி சொன்னார்.”

ஹாரனின் சத்தம் இறங்கியது. படம் தெரியாத நம்பரிலிருந்து வந்தது. இன்ன தோட்டத்தில் எடுத்தது, ஏற்றிவிடுங்கள் என்று கூடவே ஒரு செய்தி. இலவசமாக வந்த புகழை விடுவானேன் என்று தான் எடுத்ததாகப் போட்டுக்கொண்டார். இப்போது அந்த நம்பர் அணைந்து கிடக்கிறது. அவ்வளவுதான், தனக்கு வேறொன்றும் தெரியாது என்று சத்தியம் செய்தார். இன்ஸ்பெக்டரம்மா நம்பினார். பெருமைக்காரன் பொய் சொல்வான். ஆனால் அது தன்னைப் பற்றிய பொய்யாகத்தான் இருக்கும் என்பது அவர் அனுபவம்.

பிறகு மருமகளைக் கூப்பிட்டு, படத்தைப் பெரிய திரையில் போடச் சொன்னார்.

“எல்லாரும் எழுத்தைப் படிச்சோம். நீ எழுத்தை விட்டுடு. கல்லைப் பாரு.”

இழைத்த கறுப்புக் கல் கண்ணாடி மாதிரி எதிரில் இருந்ததைக் காட்டியது. மருமகள் வெளிச்சத்தைக் கூட்டினாள். எழுத்துகளுக்குப் பின்னால், மங்கலாக, சாய்த்து அடுக்கிய பலகைக் கற்கள். வட்டமான பெரிய ரம்பம். அதற்கு முன்னால் போனை நெஞ்சோடு பிடித்தபடி ஒல்லியாக ஒரு பெண்.

“இது கல்லறைத் தோட்டமே இல்ல அத்தை. கல்லு அறுக்கிற பட்டறை.”

“கழுத்துல என்ன?”

ஏதோ பட்டையாக, இரண்டு பக்கமும் தொங்கியது. துண்டாக இருக்கும் என்றாள் மருமகள். துண்டு இவ்வளவு ஒல்லியாக இருக்குமா என்று கேட்டு நிறுத்திக்கொண்டார் மாமியார். கேஸ் முடிந்த நாட்களில் வீட்டில் பாட்டுப் பாடுவார். அன்று சாப்பிடக்கூட இல்லை.

மறுநாள் மருமகள் காரோட்ட, மூன்றாவது பட்டறையில் அந்தக் கல் கிடைத்தது. சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. ஒரு அம்மா வந்து சொல்லிச் செய்ததாகப் பட்டறைக்காரர் சொன்னார். முழுப் பணமும் கொடுத்துவிட்டாள். கடைசி வரியைத் தடவித் தடவிப் பார்த்தாள். படம் எடுத்துக்கொண்டாள். கல்லை எங்கே கொண்டுபோய் இறக்க வேண்டும் என்று கேட்டதற்கு, இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனவள்தான்.

நூலகரிடம் விலாசம் கேட்டுக்கொண்டு, அங்கிருந்து நேராக டைலரம்மாவின் தையல் கடைக்குப் போனார்கள். மருமகள் காரிலேயே இருந்தாள். கடைக்குள் டைலரம்மா தனியாக இருந்தார். கழுத்தில் அளவு டேப் மாலைபோலக் கிடந்தது. கைத்தடியோடு வந்தவரைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார்.

இன்ஸ்பெக்டரம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். கல்லில் டேப் தெரிகிறது. ஹாரனுக்குப் புகழ்ச்சி பிடிக்கும் என்று தெரிந்தவர் வகுப்புக்குள் இருப்பவர்தான். பேக்கரிக்காரி பெயரை மட்டும்தான் சொன்னாள். அம்மா பிறந்த வருடம் அவளுக்கே தெரியாது, கல்லுக்குத் தெரிந்திருக்கிறது.

“முதல் நாள் உங்க முகத்தை நான் பார்த்தேன். அவ தன் கதையைச் சொன்னா. அடுத்த வாரம் உங்க கேமரா கெட்டுப்போச்சு. கேமரா எப்ப வேணா கெடலாம், டைலரம்மா. ஆனா அவ ஜாடை உங்களுக்கும் இருக்கு. மத்தவங்க ரெண்டு கட்டத்தையும் பக்கத்துல வச்சுப் பார்த்துடக் கூடாதுன்னுதானே?”

டைலரம்மா மடியில் இருந்த துணியை நீவிக்கொண்டே இருந்தார்.

“அவளைத் தேடத்தான் அந்த கிளாஸ்ல சேர்ந்தேன். முதல் நாளே திரையில எதிர்ல உட்கார்ந்திருந்தா. தேடுறதுக்கு தைரியம் இருந்துச்சு. கிடைச்சதுக்கு இல்ல.”

மீதியை அவர் துண்டு துண்டாகச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் பிறந்தவள். தன் அப்பா அம்மாவே குழந்தையைக் கொண்டுபோய் விடுதியில் விட்டுவிட்டு வந்தார்கள். கணவருக்குத் தெரியாது. அவர் இப்போது பக்கவாதம் வந்து மேல்மாடியில் படுத்த படுக்கை. சின்னவள்தான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்கிறாள். இப்போது சொன்னால் அவர் தாங்க மாட்டார். ஒரு கல்லைக் காட்டினால் பெரியவள் அழுதுவிட்டு, தேடுவதை விட்டுவிடுவாள் என்று நினைத்தார்.

“அப்போ அந்தக் கடைசி வரி எதுக்கு? அது இல்லன்னா அவ நிறுத்தியிருப்பா.”

“பொய்க் கல்லுலயாவது ரெண்டு பேரையும் ஒண்ணா வச்சுக்கலாம்னு தோணுச்சு.”

மேலே யாரோ மணி அடித்தார்கள். டைலரம்மா எழுந்தார். படிக்கட்டில் கால் வைத்தவர் திரும்பி, சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டார். கெஞ்சவில்லை. பொத்தானில்லாத சட்டைக்குப் பொத்தான் கேட்பவர்போல, சாதாரணமாகத்தான் கேட்டார்.

இன்ஸ்பெக்டரம்மா காரில் வந்து உட்கார்ந்தார். முப்பது வருஷத்தில் எத்தனையோ கள்வர்களைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். இந்தக் குற்றவாளியை யாரிடம் கொடுப்பது? எந்தச் சட்டத்தில் கேஸ் எழுதுவது? பெயரைச் சொல்வதில்லை, ஆனால் அந்தப் பெண்ணிடம் பொய்யும் சொல்வதில்லை என்று முடிவு செய்தார். அது எப்படி முடியும் என்று மருமகள் கேட்டாள். தெரியவில்லை என்றார். அத்தை அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

அடுத்த நாள் பேக்கரிக்குப் போனபோது காலை வியாபாரம் ஓய்ந்திருந்தது. கல்லை யாரும் திருடவில்லை, அது படத்துக்காகச் செய்த கல் என்று இன்ஸ்பெக்டரம்மா சொன்னார். பேக்கரிக்காரி கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“அப்போ அம்மா சாகலையா?”

“இல்ல.”

“செஞ்சது யாரு?”

இன்ஸ்பெக்டரம்மா பதில் சொல்லவில்லை. எதிரில் இருப்பவர் வாயை மூடும்போது அதைப் பதிலாக எடுத்துக்கொள்வதுதான் அவர் வேலையாக இருந்தது. இப்போது எதிரில் இருந்தவள் அதைச் செய்தாள்.

“நம்ம கிளாஸ்தானே?” என்றாள். திரையில் எப்போதும் கறுப்பாக இருந்த அந்த ஒரு கட்டம் நினைவுக்கு வந்ததுபோல, “டைலரம்மா,” என்றாள். அதில் கேள்வி இல்லை.

மாவு ஊறிக்கொண்டிருந்த பெரிய பாத்திரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சனிக்கிழமை தோறும் ஒரு மணி நேரம் அந்தக் குரலோடு உட்கார்ந்து செத்தவர்களின் பெயர்களைப் படித்திருக்கிறாள். ஒருமுறை இருமல் வந்தபோது கஷாயம் குடி என்று அந்தக் குரல் அதட்டியதைச் சொன்னாள். சொல்லும்போது சிரிப்பு வந்து, பாதியில் நின்றுவிட்டது.

அந்த அம்மாவுக்கு என்ன கஷ்டம் என்று கேட்டாள். இன்ஸ்பெக்டரம்மா மேல்மாடியைப் பற்றிச் சொன்னார். சின்னவளைப் பற்றியும் சொன்னார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். யார்மேலும் கோபப்பட வழியில்லாமல் அவள் நிற்பதைப் பார்க்க, வந்தவரால் முடியவில்லை. ஏதாவது உதவி வேண்டுமானால் கேள் என்றார், அது எவ்வளவு சின்ன வார்த்தை என்று தெரிந்தும்.

“ஒண்ணே ஒண்ணு,” என்றாள் பேக்கரிக்காரி. “அவங்க கடை எங்க இருக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா போயிடுவேன்.”