சிவப்பு வெளிச்சம் மட்டும்

"யாரும் டார்ச் அடிக்காதீங்க!"

பெற்ற மகளைக் காணாமல் இருட்டில் தடுக்கி விழுந்து ஓடிக்கொண்டிருந்தபோதும் கண்ணாடிக் கடைக்காரரின் வாயில் முதலில் வந்தது அதுதான். பழக்க தோஷம்.

"மாமா, புத்தி பிசகிடுச்சா உங்களுக்கு? புள்ளையைக் காணோம், இப்பவும் ரூல்ஸா?" மூச்சிரைக்கப் பின்னால் வந்தான் மனைவியின் தம்பி. எல்லோரையும் வேனில் ஏற்றி வந்தவன் அவன்தான்.

"அந்தப் பக்கம் பள்ளம் இருக்கு மாப்ளே. மூஞ்சியில வெளிச்சம் அடிச்சா மிரண்டு ஒரு எட்டு பின்னால வெச்சிடுவா. நீ வேன் பக்கம் போய்ப் பாரு."

ஊருக்கு வெளியே, கைவிடப்பட்ட கல்குவாரி அது. மூன்று பக்கமும் பாறைச் சுவர் ஊர் வெளிச்சத்தை மறைத்துவிடும். நிலா இல்லாத இரவுகளில் வானம் தலைமேல் கொட்டிவிடுவது போலத் தொங்கும். மாதம் ஒருமுறை பத்துப் பதினைந்து பேர் நட்சத்திரம் பார்க்க வருவார்கள். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரமாகும்; ஒரே ஒரு செல்போன் வெளிச்சம் போதும், அத்தனையும் பாழ். ஆகவே சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச் மட்டும், அதுவும் தரையைப் பார்த்து. சட்டம் போட்டவர் கண்ணாடிக் கடைக்காரர்.

வீட்டிலும் அதே கெடுபிடி. மகளின் அறையில் மனைவி விடிய விடிய எரியவிடும் விளக்குக்காக வாரம் ஒரு சண்டை. "எட்டு வயசாச்சு, இன்னும் என்ன பயம் அவளுக்கு?" என்று அணைப்பார். அவர் தூங்கியதும் மனைவி எழுந்து மறுபடி போடுவாள்.

கொஞ்சம் முன்னால்தான் எல்லோரும் வரிசையில் நின்று தொலைநோக்கியில் சனிக் கோளைப் பார்த்தார்கள்.

"சனிக்குத் தொப்பி பெரிசாப் போச்சுப்பா, கழுத்து வரைக்கும் எறங்கிடுச்சு!" என்றாள் மகள். வாலு என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள்.

"இவ்வளவு அழகாவா இருக்கு? எங்கக்கா சனியனேன்னு திட்டறப்பல்லாம் வீணா கோவப்பட்டுட்டேனே!" என்றான் மாமன்காரன்.

சிரிப்பு அடங்கித் திரும்பினால், வாலு இல்லை.

தண்ணீர் தேங்கிய பள்ளத்தின் விளிம்பில் உடைகற்கள் ஆளுயரத்துக்கு மேல் குவிந்து கிடந்தன. அதன் அடிவாரத்தில் கால் இடறி மண்டியிட்டு விழுந்தவர், நிமிர்ந்து தெற்கே பார்த்தார்.

கேட்டை நட்சத்திரத்தைக் காணோம்.

விருச்சிகத்தின் நடுவில் சிவப்பாக மினுக்கும் கேட்டை. தன் கடை அலமாரியைப் போல அவருக்கு அத்துப்படியான வானம் அது. மேகமாக இருக்குமோ? மேகம் என்றால் போர்வை போல அகலமாக மறைக்கும். இது ஒடுக்கமாக, நீளமாக மறைத்தது.

கேட்டை திரும்ப வந்தது.

அதன் பக்கத்து நட்சத்திரம் அணைந்தது.

குவியலின் உச்சியில், அவருக்கும் வானத்துக்கும் நடுவே, எதுவோ நின்றபடி மெல்ல அசைந்தது. தோள் மாதிரி ஒரு இருட்டு. அதற்கும் வெகு உயரத்தில் தலை மாதிரி இன்னொன்று. அதன் காலடியில், இடுப்புக்கும் கீழே, குட்டியாக இன்னொரு இருட்டு.

ஊறிய பாறையின் வாடை குப்பென்று அடித்தது.

"வாலு..." என்று கூப்பிட்டார்.

"ஷ்ஷ்." மேலேயிருந்து மகளின் குரல். "கத்தாதீங்கப்பா. நான்தான் உங்க கையைப் புடிச்சிருக்கேனே."

"கண்ணு... அப்பா கீழ இருக்கேன்டா. அசையாம அப்படியே நில்லு."

ஒரு சிறு கல் உருண்டு, நெடுநேரம் கழித்து, அந்தப் பக்கத் தண்ணீரில் விழுந்த சத்தம்.

டார்ச்சில் சுற்றியிருந்த சிவப்புக் காகிதத்தை நகத்தால் கிழித்தார்.

வெள்ளை வெளிச்சத்தில் வாலு தனியாக நின்றாள். பாதிக் கால் விளிம்புக்கு வெளியே. வலது கையைத் தலைக்கு மேலே முழுசாக நீட்டி, விரல்களை எதையோ பிடித்திருப்பது போல மடக்கியிருந்தாள். அத்தனை உயரத்தில் எந்த அப்பாவின் கையும் இருக்காது.

எப்படி ஏறினார், எப்படி வாரி எடுத்தார் என்று பிறகு யோசித்தும் அவருக்குப் புரியவில்லை. அந்தச் சின்னக் கை மட்டும் ஐஸாக இருந்தது.

வீட்டு வாசலில் குழந்தையைக் கண்டதுமே மனைவிக்கு முகம் வெளிறிவிட்டது. "வழி தவறிட்டா, அவ்வளவுதான்" என்று மழுப்பினார். அவள் அவரைப் பார்க்கவில்லை. மகளின் வலது கையைத் தொட்டுப் பார்த்தாள். வெந்நீர் வைக்கிறேன் என்று சமையலறைக்குப் போனாள்.

அவர் மகளைப் படுக்க வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். இனி குவாரிப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை. தொல்லை விட்டது.

"லைட்டை அணைங்கப்பா. கண்ணு கூசுது."

மகள் கேட்டு முடிப்பதற்குள் அவர் கை சுவிட்சுக்குப் போய்விட்டது. பழக்க தோஷம்.

கூரையில் அவரே ஒட்டிய பிளாஸ்டிக் நட்சத்திரங்கள் பச்சையாக ஒளிர்ந்தன. கட்டிலுக்கு நேர் மேலே விருச்சிகம். வால், முதுகு, நடுவில்...

நடுவில் ஒன்றைக் காணோம். பசை விட்டு விழுந்திருக்கும் என்று நினைத்தார்.

அது திரும்ப வந்தது.

பக்கத்து நட்சத்திரம் அணைந்தது.

அறை வாசலில் மனைவியின் மூச்சுச் சத்தம் கேட்டது. யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பது போல, தணிந்த குரலில் பேசினாள்.

"ஏங்க அணைச்சீங்க? அவ பயப்படுவான்னா நான் தினம் லைட் போட்டேன்? கைக்குழந்தையா இருந்ததுலேர்ந்தே... இருட்டாயிட்டா அவ ஒரு கையை மேல தூக்கிக்கிட்டுத்தாங்க தூங்குவா."